இல்லம் தேடி வராத கல்வி

வெள்ளகவின்னு பேச்செடுத்தா எல்லாரும் முதல்ல கேக்குறது செருப்பைப் பத்தித்தான். "அந்த ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்களாமே?" ஆமாம், போட மாட்டாங்க. கோயிலுக்குக் குடுக்குற மரியாதையை ஊருக்கே குடுக்குறாங்க. வட்டக்கானல்ல இருந்து இறங்கிப் போற நம்ம ஆட்களும் ஊர் எல்லையில ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, ஒரு செல்ஃபி எடுத்துட்டு, கும்பக்கரைப் பக்கம் இறங்கிப் போயிடுறாங்க. நானும் அப்படிப் போயிட்டு வந்தவன்தான். அதனால இங்க நான் பெரிய யோக்கியன்னு சொல்ல வரலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2025-ல கல்லூரி முடிச்ச பசங்களை வேலைக்கு எடுக்குறதுக்கு நேர்முகத் தேர்வு நடந்துச்சு. கேள்வி கேக்குற பக்கம் நானும் உட்கார்ந்திருந்தேன் (பொட்டி தட்ட ஆரம்பிச்சு நாலஞ்சு வருஷம் ஆனா இந்த வேலையையும் தலையில கட்டிடுவாங்க). ஒரு பையனோட பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துட்டு பக்கத்துல இருந்தவர், "ஓ.. கொரோனா பேட்ச்சா? பரீட்சையே எழுதாம பாஸான ஆளு!"ன்னு சிரிச்சார். வேற வழியில்லாம பையனும் சிரிச்சான். கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அந்தப் பையன் ஒண்ணும் சும்மா பாஸாகலை. 2021 ஜூன்ல பிளஸ் டூ பரீட்சையை ரத்து பண்ணிட்டு, பத்தாம் வகுப்பு மார்க்குல 50 சதவீதம், பதினொண்ணுல 20, பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை, அகமதிப்பீட்டுல 30-ன்னு கணக்குப் போட்டுத்தான் மார்க் குடுத்தாங்க. அதாவது 2019-ல அவன் உட்கார்ந்து எழுதின பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் அதுல பாதி. இதெல்லாம் தெரியாம சிரிச்சதுக்கே வெட்கப்படணும்.

ஆனா என் தூக்கத்தைக் கெடுத்தது இவன் இல்லை, இன்னொருத்தன். நேர்முகத் தேர்வு வரைக்கும் வராதவன்.

2023 ஜனவரி. பொங்கலை ஒட்டி ரெண்டு நாள் சேர்த்து லீவு போட்டுட்டு நண்பர்களோட வெள்ளகவி போனேன். டால்ஃபின் மூக்கு தாண்டி இறங்குற பாதையில ஒரு பையன் குதிரையை ஓட்டிக்கிட்டு வந்தான். அரிசி, எண்ணெய், சிமெண்ட்டுன்னு எல்லாமே அந்த ஊருக்குத் தலைச்சுமையா போகும், இல்லேன்னா குதிரை மேல போகும். காப்பிப் பழம் பறிக்கிற சீசன் வேற. அவனோட பேச்சுக் குடுத்தேன்.

"என்ன தம்பி படிக்கிற?"

"பிளஸ் டூண்ணே."

"லீவா?"

"இல்லண்ணே, பள்ளிக்கூடம் தெறந்துட்டாங்க. நான் போகல." கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவனாவே சொன்னான். "பேரு இருக்குண்ணே. நாந்தான் இல்ல."

அவன் கதையைக் கேட்டுக்கிட்டே ஊர் வரைக்கும் நடந்தோம். ஊர்ல இருக்குறது சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். அதுக்கு மேல படிக்கணும்னா கோடைக்கானலோ பெரியகுளமோ போய் விடுதியில தங்கணும். 2020 மார்ச்சுல எல்லாத்தையும் மூடினப்ப அவன் ஒன்பதாவது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டான். பத்தாம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19-ல திறந்தாங்க. பெட்டியோட போனான். பிப்ரவரி 25-ல ஆல் பாஸ்னு அறிவிச்சாங்க, மார்ச் 22-ல மறுபடி மூடியாச்சு. பெட்டியோட திரும்பினான். பதினொண்ணாம் வகுப்பு 2021 செப்டம்பர் 1-ல திறந்துச்சு. போனான். 2022 ஜனவரியில ஓமிக்ரான் வந்து திரும்பவும் பூட்டு. பிப்ரவரி 1-ல திறந்தப்ப அவன் பெட்டியைத் தூக்கலை.

"எத்தனை தடவைண்ணே ஏறி இறங்குறது?"ன்னான்.

நடுவுல ஆன்லைன் கிளாஸ் நடந்துச்சேன்னு கேட்டேன் (ஐ.டி.காரன் புத்தி!). வீட்டுல ஒரே போன். அது அப்பாகிட்ட. சிக்னல் வேணும்னா பாறை மேல ஏறணும். மழை பெய்தா அதுவும் இல்லை. 2021 ஆகஸ்ட்ல பொருளாதார அறிஞர் ஜீன் திரேஸ் உள்ளிட்டவங்க 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள்ல ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேர்கிட்ட ஒரு கணக்கெடுப்பு நடத்தினாங்க. கிராமத்துல தொடர்ந்து ஆன்லைன்ல படிச்ச பிள்ளைங்க 8 சதவீதம்தான். 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. இது பொதுவான கிராமத்தோட கணக்கு. ரோடே போகாத மலையூர் எந்தக் கணக்குல வரும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்லிடுறேன். ஆல் பாஸ் போட்டது தப்பே இல்லை. நோய் பரவிக்கிட்டு இருக்கும்போது பிள்ளைகளைப் பரீட்சை ஹால்ல அடைக்கச் சொல்றவன் மனுஷன் இல்லை. ஆனா பாஸ் போட்டதோட நம்ம கடமை முடிஞ்சதுன்னு நினைச்சோமே, அதுதான் தப்பு. அதுலயும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல படிச்ச பிள்ளைகளைத் தேடி யாரும் போகலை.

கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. வரிசையாப் பாருங்க.

கல்வி உரிமைச் சட்டம், 2009. ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும்தான். பக்கத்துல பள்ளிக்கூடம் இல்லாத சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தோ தங்குமிடமோ அரசு ஏற்பாடு செய்யணும்னு மத்திய அரசோட மாதிரி விதிகள்லயே இருக்கு. ஆனா எல்லாம் எட்டாம் வகுப்பு வரைக்கும்.

இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27-ல விழுப்புரம் மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர் ஊரா சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்குடுத்த தன்னார்வலர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்.

2021 ஜனவரியில ஆன்லைன் வகுப்புக்குன்னு தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம்னு அறிவிச்சாங்க. 9.69 லட்சம் பேருக்கு. யாருக்கு? கல்லூரி மாணவர்களுக்கு. சத்துணவு? பத்தாம் வகுப்போட நின்னுடும்.

ஆக, எட்டு வரைக்கும் ஒரு கை பிடிச்சிருக்கு, கல்லூரிக்குப் போயிட்டா இன்னொரு கை பிடிச்சுக்குது. நடுவுல இருக்குற நாலு வருஷம் பிள்ளை தானா நடந்து வரணும். அந்த நாலு வருஷம்தான் பையனுக்கு மூட்டை தூக்குற தெம்பு வர்ற வயசு. பொண்ணா இருந்தா கல்யாணப் பேச்சு வர்ற வயசு. விட்டுடக் கூடாத வயசுல பார்த்துக் கையை விட்டோம்.

2022 ஜூன்ல புதுக் கல்வியாண்டு பிறந்துச்சு. 13-ந் தேதி ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும், 20-ந் தேதி பிளஸ் டூ, 27-ந் தேதி பிளஸ் ஒன். எத்தனை போட்டோ! வாசல்ல தோரணம், பிள்ளைகளுக்குப் பூ, சாக்லேட்டு. பார்க்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா யார் வரலைன்னு யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா?

எங்க பொழைப்புல ஒரு பழக்கம் உண்டு. சர்வர் படுத்து எந்திரிச்சா, உடனே புது வேலையை அதுல ஏத்த மாட்டோம். படுத்திருந்த நேரத்துல என்னென்ன தொலைஞ்சுதுன்னு முதல்ல சரிபார்ப்போம். அதைச் செய்யாம ஒருத்தன் ஆன் பண்ணிட்டுப் போனா, மறுநாள் அவனை வறுத்தெடுத்துடுவாங்க. ரெண்டு வருஷம் விட்டு விட்டு மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்த அன்னிக்கு நாம முதல்ல கேட்டது "போர்ஷன் எப்ப முடியும்?" ஒரு சர்வருக்குக் குடுக்குற மரியாதையைக் கூட பிள்ளைகளுக்குக் குடுக்கலை.

என் குதிரைக்காரத் தம்பிக்கு என்ன ஆச்சு? 2022 மேயில பிளஸ் ஒன் பரீட்சை எழுதலை. ஆனா பிளஸ் ஒன் தேறலைன்னாலும் பிளஸ் டூ போகலாம்ங்கறது அப்ப இருந்த விதி. அதனால அவன் பேர் தானாவே பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு. அவன் மட்டும் காப்பித் தோட்டத்துல.

2023 மார்ச் 13. பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை. தமிழ்நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேல மாணவர்கள் வரலைன்னு செய்தி வந்துச்சு. டிவியில ஒரே அதிர்ச்சி. "தமிழ்ப் பரீட்சைக்கே பயமா?"ன்னு விவாதம் வேற. பள்ளிக்கல்வித் துறை குடுத்த விளக்கத்துல கொரோனாவும் இருந்துச்சு, பிளஸ் ஒன் எழுதாதவங்க பேரும் பட்டியல்ல இருந்ததும் இருந்துச்சு. எனக்கு மட்டும் அதிர்ச்சி இல்லை. மறுநாள் அவனுக்குப் போன் பண்ணினேன். மிளகு பறிச்சுக்கிட்டு இருந்தான்.

இந்த 50 ஆயிரம் பேர்ல பெரும்பாலானவங்க 2020-21-ல பத்தாம் வகுப்பு படிச்சு ஆல் பாஸான அதே வரிசையில இருந்தவங்க. அவங்க 2023 மார்ச்சுல திடீர்னு காணாமப் போகலை. எத்தனையோ பேர் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே போயாச்சு. பேரு இருந்ததால ஆளு இருக்கான்னு நினைச்சுக்கிட்டோம். பரீட்சை ஹால்ல பெஞ்சு காலியா கிடந்தப்புறம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்க, வீட்டுக்குப் போங்க, துணைத் தேர்வுக்குக் கூட்டி வாங்கன்னு முடுக்கிவிட்டாங்க. அதை 2022 ஜூன்லயே செஞ்சிருந்தா?

"வாத்தியார் என்னங்க பண்ணுவார், மலையில நடந்து போய்க் கூப்பிடவா முடியும்?"னு கேப்பீங்க. எத்தனையோ வாத்தியாருங்க சொந்தக் காசு போட்டு போயிருக்காங்க. நான் வாத்தியாரைக் குத்தம் சொல்லலை. வாத்தியாரோட நல்ல மனசை நம்பி விட்டதைத்தான் குத்தம் சொல்றேன். வாக்குச்சாவடிக்கு மெஷினைத் தலையில சுமந்தும் குதிரையில ஏத்தியும் மலைக்குக் கொண்டு போறோம். ஓட்டு ஒவ்வொண்ணும் முக்கியம்னு அதைப் பெருமையா போட்டோ போடுறோம். அந்த ஓட்டுப் போட ரெண்டு வருஷம் பாக்கி இருக்குற பையனைக் கூப்பிட அதே பாதையில ஒருத்தரை அனுப்ப முடியாதா?

"விடுதி நடத்துறதெல்லாம் செலவு சார்"னும் சொல்லுவாங்க. கோடைக்கானலுக்கு விடுதிப் பள்ளி என்ன புதுசா? 1901-லேயே அமெரிக்க மிஷனரிங்க தங்கள் பிள்ளைகள் தங்கிப் படிக்கன்னு பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச மலைங்க இது. இன்னிக்கும் எங்கெங்கேயோ இருந்து பிள்ளைகளைக் கொண்டாந்து சேர்க்குறாங்க. கடல் தாண்டி வர்ற பிள்ளை தங்கிப் படிக்கிற மலையில, அடுத்த சரிவுல இருக்குற பிள்ளைக்கு இடம் இல்லைன்னா அதுக்குப் பேரு செலவுப் பிரச்சினை இல்லை.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு ஜூன்லயும் முதல் வாரம் ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் வராத பிள்ளைகளோட பேரை எழுதுங்க. அந்தப் பேரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறது ஒருத்தரோட வேலைன்னு எழுதி வைங்க, அதுக்குச் சம்பளமும் படியும் குடுங்க. மலையூர்ப் பிள்ளைகளுக்கு விடுதியில இடம் இருக்கான்னு பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடியே பாருங்க. வெள்ளம், நிலச்சரிவு, புது நோய்னு அடுத்து ஏதாச்சும் வந்து பள்ளிக்கூடத்தை மூடினா, திறக்குற அன்னிக்கு முதல் பாடம் எண்ணிக்கை எடுக்குறதா இருக்கட்டும்.

கடைசியா, என்னை மாதிரி பொட்டி தட்டுற மக்களுக்கு ஒண்ணு. அந்த ரெண்டு வருஷமும் நாம வீட்டுல உட்கார்ந்து, வைஃபையில வேலை பார்த்து, சம்பளமும் வாங்கினோம். யாராச்சும் நம்மளைப் பார்த்து "கொரோனா சம்பளக்காரன்"னு சிரிச்சாங்களா? அப்ப பதினாறு வயசுல மலை ஏறி இறங்குன பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கு? எனக்கு இல்லை. அந்த நேர்முகத் தேர்வுல சிரிச்சதுக்கு அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். வாய்ப்புக் கிடைக்கலை.

பி.கு.: வெள்ளகவி போறவங்க ஊர் எல்லையில ஷூவைக் கழட்டுங்க, அது மரியாதை. கூட வந்து பையைத் தூக்குற தம்பிகிட்ட என்ன படிக்கிறன்னும் கேளுங்க. அதுவும் மரியாதைதான்.