மிளகாயின்மேற் சுமத்திய பழி

வயிற்றோட்டமும் இரத்தப்போக்கும் மாதக்கணக்கில் நீங்காது வருந்தும் இளைஞனுக்கு நம்மவர் வழங்கும் தீர்ப்பு ஒன்றேயாம்: உறைப்பைக் குறை, கவலையை விடு. படித்தோரும் இதற்கு விலக்கல்லர். குறோன் நோய், புண்சார் பெருங்குடலழற்சி ஆகிய இரண்டையும் அடக்கிய நாட்பட்ட குடலழற்சி நோய்க்கு மிளகாயே மூலம் என்னும் இக்கூற்று அறியாமையின்பாற்பட்டது மட்டுமன்று; தீங்கு பயப்பதுமாகும்.

மிளகாயே காரணமாயின் இந்நோய் கறியுண்ணும் நாடுகளில் மலிந்தும் ஏனையவற்றில் அருகியும் இருத்தல் வேண்டும். உண்மை இதற்கு நேர்மாறானது. இலங்கையையும் உள்ளடக்கி 2011–2012 காலப்பகுதியில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, ஆண்டொன்றில் இலட்சம் பேருக்குப் புதிதாக நோயுற்றோர் ஆசியப் பகுதிகளில் 1.37, அவுஸ்திரேலியாவில் 23.67 எனக் கண்டது.

அங்ஙனமாயின் இது வெள்ளையர் குருதியின் குறைபாடு என்பாரும் உளர். நம்மை நாமே மெச்சிக்கொள்ள வசதியான விளக்கந்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் பற்றி 2015 இல் வெளிவந்த ஆய்வு இவ்வாதத்தையும் தகர்க்கின்றது. தெற்காசியாவிலிருந்து அங்கு குடியேறியோரிடை நோய் குறைவு. அவர்கட்கு அங்கே பிறந்த பிள்ளைகளிடமோ அது ஏனைய கனடியப் பிள்ளைகளிடம் உள்ளதற்கு ஒப்பான அளவிற் காணப்பட்டது. ஒரு தலைமுறையிற் பரம்பரையலகு மாறிவிடாது. மாறியது சூழல்.

சூழலில் எது? ஐயந்திரிபற ஒன்றைச் சுட்டுதல் இன்றும் இயலாது. எனினும் கூண்டில் நிறுத்தி வினவத்தக்கவை உள. 21 நாடுகளில் 116,087 பேரைத் தொடர்ந்து நோக்கி 2021 இல் வெளியான ஆய்வில், ஆலைகளிற் பெரிதும் பதனிடப்பட்ட உணவை நாளொன்றுக்கு ஐந்து பங்கோ அதற்கு மேலோ உண்போர்க்கு, ஒரு பங்கினுங் குறைவாக உண்போரிலும் ஏறத்தாழ 1.8 மடங்கு இடர் இருந்தது. அத்தகைய உணவிற் சேர்க்கப்படும் பொலிசோபேற்று 80 என்னும் பொருள் சுண்டெலிகளின் குடலைக் காக்குஞ் சளிப்படையைக் குலைத்து அழற்சியைத் தூண்டுவதும் 2015 இற் காட்டப்பட்டது. குழந்தைப் பருவத்தில் அடிக்கடி கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் ஐயத்துக்குரியனவே. சிகரெற்று குறோன் நோயை வளர்க்கின்றது. ஆயினும் பெருங்குடலழற்சி புகைப்போரிடை குறைவாகவே காணப்படுவது புதிராகும். (இதனைப் புகைப்பதற்கு அனுமதிச்சீட்டாக எவருங் கொள்ளற்க.) இத்துணைச் சிக்கலான நோயை ஒரு கரண்டி மிளகாய்த்தூளில் அடக்கிவிட எண்ணுவது எங்ஙனம் பொருந்தும்? சிற்றுண்டிச்சாலையில் அடுக்கப்பட்டுள்ள பக்கற் உணவுகளைப் பற்றி வாய்திறவாதோர் கறிச்சட்டியை மட்டுங் கடிவதேன்?

உறைப்புண்டால் நோயாளிக்கு நோவு கூடுகின்றதே என்பர். கூடலாம். கால் முறிந்தவன் நடந்தால் நோகும். நடந்தமையாலேயே கால் முறிந்தது என எவருங் கூறார்.

எம்முடன் பயின்ற மாணவன் ஒருவன் இரத்தப்போக்கை மூலவியாதி எனக் கருதி எட்டு மாதம் கடத்தினான். விடுதியில் அறிவுரை கூறாதவர் எவருமிலர். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும் எவருமிலர். ஈற்றிற் குடலை உள்நோக்கிப் பரிசோதித்தபோது பெருங்குடல் முழுவதும் புண் பரவியிருந்தது. அவ்வெட்டு மாதமும் அவன் உண்டது உறைப்பில்லாத கறியே.