பரீட்சை மார்க்கும் பாடசாலையின் மதிப்பும்

ஒரு பாடசாலை நல்லதா அன்றா என்று நம்மை எவரேனும் வினவினால், நாம் பெரும்பாலும் அதன் பரீட்சை முடிவுகளையே எடுத்துரைக்கிறோம். நூற்றுக்கு இத்தனை பேர் தேறினர் என்று கேட்ட மாத்திரத்தில், ஆசிரியரின் திறமையையும் மாணாக்கரின் அறிவையும் ஒருங்கே அளந்துவிட்டதாக எண்ணி நம் மனம் அமைதி அடைகிறது. அளவுகோல் ஒன்று வேண்டுவதில்லை என்று வாதிக்க நான் முன்வரவில்லை. எல்லார்க்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, எழுதியவர் இன்னார் என்று அறியாத ஒருவர் திருத்தும் பொதுப் பரீட்சையானது, செல்வர் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் ஒரே நீதி வழங்க வல்லது. ஆனால் அம்முடிவைக் கண்டு நாம் செய்யும் தீர்மானமும் அவ்வளவு நீதியுடையதா என்பதே என் வினா. இதனை ஆராய்வதற்கு அமெரிக்க தேசத்து ஹைஸ்கூல் ஒன்றின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

கலிபோர்னியா மாகாணத்தில், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் பகுதியில், கார்பீல்டு ஹைஸ்கூல் என்றொரு பொதுப் பாடசாலை இருக்கிறது. அங்குப் பயிலும் மாணாக்கரிற் பெரும்பாலார் மெக்ஸிக்கோ நாட்டு வழிவந்த உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள். 1974-ஆம் வருஷத்தில் ஜெய்மி எஸ்கலாந்தே என்பவர் அங்குக் கணித ஆசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அப்பாடசாலையின் நிலைமை, அதன் அங்கீகாரமே பறிபோகக்கூடும் என்று அஞ்சத்தக்கதாயிருந்தது. எஸ்கலாந்தே பொலிவியா தேசத்தில் பிறந்து அங்கே கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். 1963-ஆம் வருஷத்தில் அமெரிக்கா சென்றபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. உணவுச்சாலையில் தரை துடைக்கும் வேலையிற் சேர்ந்து, இரவில் பாஷையைக் கற்று, மீண்டும் கலாசாலையிற் படித்துப் பட்டம் பெற்று, அதன் பின்னரே ஆசிரியர் தொழிலுக்குத் திரும்பினார்.

அந்நாட்டு ஹைஸ்கூல்களில் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்’ என்னும் பரீட்சை ஒன்று நடைபெறுகிறது. கலாசாலையிற் கற்கவேண்டிய பாடத்தை ஹைஸ்கூலிலேயே கற்ற மாணாக்கர், தேசம் முழுவதற்கும் பொதுவான அப்பரீட்சையை எழுதி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்புப் பெறுவர். மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர் தேறியவராகக் கருதப்படுவர். எஸ்கலாந்தே கால்குலஸ் என்னும் நுண்கணிதத்தில் அப்பரீட்சைக்கு மாணாக்கரைப் பயிற்றத் துணிந்தார். முதல் வகுப்பு 1979-ஆம் வருஷத்தில் முடிந்தபோது, எழுதியவர் ஐவர், தேறியவர் இருவர். அடுத்த ஆண்டு ஒன்பதின்மரில் எழுவர் தேறினர். 1981-இல் பதினைவரில் பதினால்வர் தேறினர். 1982-இல் பதினெண்மர் எழுதினர், பதினெண்மரும் தேறினர்.

இவ்விடத்தில்தான் அவ்வரலாறு நம் சிந்தனைக்கு உரியதாகிறது. பரீட்சையை நடத்திய ‘எடுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்’ நிறுவனத்தார், பதினால்வருடைய விடைத்தாள்களில் பிழைகளும் ஒரே விதமாயிருக்கின்றன என்று ஐயுற்று, அவர்களுடைய முடிவுகளை ஒப்புக்கொள்ளத் தயங்கினர். மீண்டும் பரீட்சை எழுதலாம் என்று அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. பன்னிருவர் அதற்கு இசைந்தனர். அக்கோடைகாலத்திலேயே புதிய வினாத்தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. பன்னிருவரும் மறுபடியும் தேறினர்.

ஐயுற்றவர்கள் முற்றும் அநியாயம் செய்தார்கள் என்று கூற நான் விரும்பவில்லை. பரீட்சையின் நேர்மையைக் காப்பது அவர்கள் கடமை. விடைத்தாளிலே கண்ட ஒற்றுமை ஒன்றை அவர்கள் காரணமாகக் காட்டவும் செய்தனர். இதே ஒற்றுமை செல்வர் வாழும் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையின் தாள்களிற் காணப்பட்டிருந்தால் ஐயம் எழுந்திருக்குமா என்று பலர் அக்காலத்தில் கேட்டனர். அவ்வினாவுக்கு உறுதியாக விடை கூறுதல் இயலாது. ஆனால் வேறொரு வினாவுக்கு விடை கூற இயலும். அப்பாடசாலையிலிருந்து ஒருவரும் நுண்கணிதப் பரீட்சை எழுதாத ஆண்டுகள் பல கழிந்தன. அவ்வாண்டுகளில், “இஃது எவ்வாறு நேர்ந்தது? மறுபடியும் சோதித்துப் பார்ப்போம்” என்று எவரேனும் அவசரமாய்க் கடிதம் எழுதினரா? ஏழைப் பிள்ளைகளின் தோல்வியை நாம் சாட்சி கேளாமலே நம்புகிறோம். அவர்களுடைய வெற்றிக்கோ சாட்சிகள் பலரை அழைக்கிறோம். குறைந்த மார்க்கும் மிகுந்த மார்க்கும் ஒரே விதமான விசாரணைக்கு உரியவை. ஒன்றை இயற்கை என்றும் மற்றொன்றை ஐயத்துக்கு இடமானது என்றும் கொள்ளும் மனம் நடுநிலை தவறிய மனமே ஆகும்.

இனி, இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. ஐயம் நீங்கியபின் உலகம் அவ்வெற்றியை அற்புதம் என்று கொண்டாடத் தலைப்பட்டது. 1988-ஆம் வருஷத்தில் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்னும் திரைப்படமும் வெளிவந்தது. அதைக் கண்டவர், அடிப்படைக் கணக்கே அறியாத மாணாக்கரை ஓர் ஆசிரியர் சிறிது காலத்திலேயே நுண்கணிதத்தில் வல்லவராக்கினார் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. 1982-இல் வெற்றி பெற்றவர்கள் அதற்கு முன்னரே இயற்கணிதம், க்ஷேத்திர கணிதம், திரிகோண கணிதம் முதலியவற்றை வரிசையாகக் கற்று வந்தவர்கள். எஸ்கலாந்தே பாடசாலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் வகுப்பு நடத்தினார். பென் ஹிமெனேஸ் என்னும் சக ஆசிரியர் அவருக்குத் தோள் கொடுத்தார். ஹென்றி கிராடில்லாஸ் என்னும் தலைமையாசிரியர் அவர்கள் முயற்சிக்கு இடையூறு நேராமற் காத்தார். பின்னர்க் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கலாசாலையிற் கோடை வகுப்புகளும் ஏற்பட்டன. மாணாக்கரிடம் அவர் ஓயாது வற்புறுத்திய சொல் ‘கானாஸ்’ என்னும் ஸ்பானியச் சொல்; வேட்கையும் ஊக்கமும் கலந்த பொருளுடையது அது. ஆயினும் வேட்கையை மட்டும் நம்பி அவர் அமர்ந்துவிடவில்லை. அவ்வேட்கை ஏறிச் செல்வதற்குப் படிக்கட்டும் கட்டினார்.

1987-ஆம் வருஷத்தில் அப்பாடசாலையினின்று 73 பேர் நுண்கணிதத்தின் முதற்படிப் பரீட்சையிலும், 12 பேர் அதனினும் கடினமான மேற்படிப் பரீட்சையிலும் தேறினர். அதுவே அம்முயற்சியின் உச்சம். பின்பு தலைமையாசிரியர் மாறினார். கருத்து வேறுபாடுகள் முளைத்தன. 1991-இல் எஸ்கலாந்தேயும் விலகினார். அடுத்து வந்த ஆண்டுகளில் தேறியோர் தொகை வெகுவாகச் சரிந்தது.

இதைக் கேட்போர் சிலர், “ஆகையால் எல்லாம் அந்த ஒரு மனிதரின் சாமர்த்தியமே” என்று முடிவு கூறுவர். அம்முடிவு சரியன்று. 1979-ஆம் வருஷத்திலும் கற்பித்தவர் அவரே. தேறியவர் இருவர் மட்டுமே. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் கற்பித்தவர்களுள் முதல்வர் அவரே. அப்பொழுதோ தொகை எண்பதுக்கும் மேற்பட்டது. பிள்ளைகள் அதே தெருக்களிலிருந்து வந்தவர்கள். ஆதலின், இடையிலே மாறியது ஆசிரியரின் அறிவுமன்று, மாணாக்கரின் பிறப்புமன்று. கீழ்வகுப்புகளின் ஒழுங்கு, துணை ஆசிரியர், கோடைப் பயிற்சி, தலைமையின் ஆதரவு என்பவையே. அவை சேரச்சேர மார்க்கு உயர்ந்தது. அவை கலையக்கலையத் தாழ்ந்தது. மேல்வகுப்பில் ஒரு நாள் எழுதும் விடைத்தாளிலே கீழ்வகுப்புகளிற் பல ஆண்டு நடந்ததே வெளிப்படுகிறது.

இந்த உண்மையை மறந்து, படிக்கட்டைக் கட்டாமலே மாடியிற் காணவேண்டும் என்று அதிகாரம் ஆணையிட்டால் விளைவது யாது? அதற்கும் அத்தேசமே சான்று தருகிறது. 2002-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் ஒன்று, 2014-க்குள் எல்லா மாணாக்கரும் வாசிப்பிலும் கணிதத்திலும் குறித்த தகுதியை அடையவேண்டும் என்று விதித்தது. அடையாத பாடசாலைகளுக்குத் தண்டனைகளையும் வகுத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அந்த இலக்கு எய்தப்படவில்லை. 2015-இல் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. இடைக்காலத்தில் ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில், ஹைஸ்கூலுக்குக் கீழ்ப்பட்ட பாடசாலைகளில் நடந்த பரீட்சைகளைப்பற்றி மாகாண அரசாங்கத்தார் விசாரணை நடத்தினர். ஆராயப்பட்ட 56 பாடசாலைகளுள் 44-இல் மோசடி நிகழ்ந்தது என்றும், ஆசிரியரும் தலைமையாசிரியருமாக 178 பேர் அதில் தொடர்புடையவர் என்றும் 2011-ஆம் வருஷத்து அறிக்கை கூறிற்று. பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளைக் குறித்தவர்கள் அவர்களுக்குக் கற்பிக்கவேண்டிய பெரியோர்களே! இதில் மிகப் பெரிய நஷ்டம் அடைந்தவர் யார்? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று தாளிலே எழுதியபின், அப்பிள்ளைக்கு உதவிசெய்ய வருவார் யார்?

நம் கலாசாலையிற் பயிலும் நண்பர்களிற் பலர் நாளை ஆசிரியராவீர்கள். சிலர் பாடசாலைகளை நிர்வகிக்கும் பொறுப்பையும் ஏற்பீர்கள். பரீட்சை முடிவு உங்கள் மேஜைக்கு வருங்கால், அதனைத் தீர்ப்பாகக் கொள்ளாது வினாவாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். மார்க்கு குறைந்திருந்தால், இப்பிள்ளை எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் முதன்முதலாகத் தடுக்கி நின்றான் என்று கீழ்நோக்கித் தேடுங்கள். மிகுந்திருந்தால், யார் யார் எவ்வளவு காலம் உழைத்ததனால் இது கைகூடிற்று என்று கேட்டறிந்து, அவ்வுழைப்பு கலைந்து போகாவண்ணம் காப்பாற்றுங்கள். எவ்விடத்தும், பிள்ளையின் வீட்டையும் தெருவையும் கண்டு விடையை முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த அப்பன்னிருவரும், தம்மை நம்பாதவர்கள் வைத்த பரீட்சை மண்டபத்துக்குள் இரண்டாம் முறை நுழைந்தபோது, அவர்களுக்குத் துணையாக நின்றது தாம் கற்றது உண்மையாகவே தம்மிடம் இருக்கிறது என்னும் தைரியமே. அந்தத் தைரியத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈவதே பாடசாலையின் கடமை. அதனைச் செய்த பாடசாலைக்கு மார்க்கு தானே வந்து சேரும்; செய்யாத பாடசாலைக்கு எத்தனை மார்க்கு வந்தாலும் பெருமையில்லை.