கேப்டன் ஜெய்பால் சிங்கும் எங்கள் ஏரிக்கரைப் பையனும்

போன வாரம் தாமல் ஏரிக்கரையில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருந்தபோது ஹாக்கி பற்றிப் பேச்சு வந்தது. ஒலிம்பிக்கில் இந்தியா முதல் தங்கம் வாங்கியபோது கேப்டன் யார் என்று கேட்டேன். எல்லோரும் "தியான்சந்த்" என்றார்கள்.

இல்லை. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் தியான்சந்த் 14 கோல் போட்டார். கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா. இன்றைய ஜார்க்கண்டில், குந்திக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1903-ல் பிறந்த முண்டா இன ஆதிவாசி. ராஞ்சியில் பாதிரிமார் பள்ளியில் படித்து, அவர்கள் உதவியில் ஆக்ஸ்போர்டு போனவர். ஐ.சி.எஸ். தேர்வும் ஆகியிருந்தார். பயிற்சிக் காலத்தில் ஒலிம்பிக் அழைப்பு வந்தது. லீவு கேட்டார், கிடைக்கவில்லை. போய் ஆடிவிட்டு வந்தார். இன்னொரு வருஷம் பயிற்சி இருக்க வேண்டும் என்றார்கள். ஐ.சி.எஸ்.ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். ஒரு மெமோவுக்கே மூன்று நாள் தூக்கம் போகும். அதனால் சொல்கிறேன், அது லேசான காரியம் இல்லை.

இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. ஏன் என்பதற்கு இன்றுவரை பல கதை. நம் ஆட்கள் அந்தக் கதையோடு அவரை முடித்துவிடுகிறார்கள். அவர் வாழ்க்கையோ அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. 1939-ல் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் 'காட்டு மனிதன்' என்ற பேரையே தன் பேராகச் சொல்லிக்கொண்டு, தன் ஜனங்களின் நிலத்துக்காகப் பேசினார். தனி ஜார்க்கண்ட் கேட்டார். அது கிடைத்தது 2000-ல். அவர் 1970-லேயே போய்விட்டார்.

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "வெளையாட்டுக்காரன் வெளையாட்டோட நிக்கணும் சார், அரசியல் எதுக்கு?" என்றார். இதே பேச்சை நான் சிட்னியிலும் கேட்டேன். 2015-ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் ஊர் ஃபுட்பால் நம் ஃபுட்பால் மாதிரி இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். அதில் ஆடம் கூட்ஸ் என்று ஒரு பூர்வகுடி வீரர். சிட்னி அணிக்கு 372 ஆட்டம். வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டு தடவை. 2013-ல் கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி அவரைக் குரங்கு என்று கத்தினாள். அவர் அதைச் சுட்டிக் காட்டினார், ஆனால் அந்தக் குழந்தையைத் திட்டாதீர்கள் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் நாட்டின் சிறந்த குடிமகன் விருது கிடைத்தது. அப்போதும் இனவெறியைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு அவர் பந்தைத் தொட்டாலே கூட்டம் 'ஊ' என்று கூவியது. மாப்பிள்ளையோடு டிவி பார்த்த எனக்கு முதலில் புரியவில்லை, யாரோ தப்பாட்டம் ஆடிவிட்டார் என்று நினைத்தேன். அந்த வருஷமே ஆட்டத்தை விட்டார். 2019-ல் லீக்கும் 18 கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டன.

கூட்டத்திலிருந்து வசவு வந்தபோது அது அரசியல் இல்லையாம். அவர் பதில் சொன்னபோதுதான் அரசியலாம். எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

ஒத்துவராததற்குக் காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. நாங்கள் இளவட்டமாக இருந்தபோது காணும் பொங்கலுக்கு ஊருக்கு ஊர் சடுகுடு நடக்கும். ஏரி ஓரம் குடிசை போட்டிருந்த இருளர் வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் அணியில் பாடிப் போவான். மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வருவான். அவனால்தான் அந்த வருஷம் ஜெயித்தோம். பரிசு எவர்சில்வர் குடம். காஞ்சிபுரம் ஸ்டூடியோவில் படம் எடுக்க நாங்கள் ஆறு பேர் மட்டும் பஸ் ஏறினோம். மறுநாள் அவன் வந்து, "படத்துல நானும் நின்னிருப்பேனேண்ணா" என்றான். எங்களில் ஒருவன், "உன்ன ஆட்டத்துல சேத்ததே பெருசு" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவன் வரவில்லை. நாங்களும் போய்க் கூப்பிடவில்லை.

அந்தப் படம் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆறு பேர்.

அவன் பேரன் இப்போது பள்ளிக்கூட அணியில் கபடி ஆடுகிறான். பிரார்த்தனைக் கூட்டத்தில் கைதட்டுகிறார்களாம். பழங்குடிச் சான்றிதழுக்கு மட்டும் ஒன்றரை வருஷமாக அலைகிறான். ஆட்டம் நன்றாக இருக்கிறது என்கிறவர்கள் யாரும் அவனோடு அந்த அலுவலகப் படி ஏறியதில்லை, என்னையும் சேர்த்துத்தான். வருகிற திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். மனுவை மூன்று படி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். தாத்தாவையும் வரச் சொல்லியிருக்கிறான் பையன். "பாக்கலாம்" என்றாராம்.