மொழிக்கும் வீடு வேண்டும்

வேல்சு நாட்டின் வடமேற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் இலீன் நிலமுனையில் அபர்சோக்கு என்றொரு சிற்றூர் உண்டு. அதன் கடற்கரை மணலில் நிற்கும் மரக்குடில் ஒன்று 1,50,000 பவுனுக்கு மேல் விலை போயிருக்கிறது. குடும்பம் நடத்துதற்கான வீடன்று அது; துணி மாற்றுதற்கும் படகுப் பொருள்களைப் போட்டு வைத்தற்குமான குடில். அவ்வூர்த் தொடக்கப்பள்ளியோ, பிள்ளைகள் போதவில்லை என்று 2021 திசம்பரில் மூடப்பட்டது. குடிலுக்குக் கொள்வார் உளர். பள்ளிக்குப் பிள்ளைகள் இலர்!

படைகொண்டு எவரும் வந்திலர், பணங்கொண்டு வந்தனர். ஆங்கிலப் பெருநகர்களில் பொருளீட்டுவோர், ஆண்டில் சில கிழமைகள் இளைப்பாறுதற்கென்று இங்கு இரண்டாம் வீடு வாங்குகின்றனர். உள்ளூர் இளைஞனின் ஊதியத்தை அளந்து கடன் கொடுக்கும் வைப்பகம், அவ்விலைக்கு எட்டும் தொகையைத் தருவதில்லை. குடிக்கூலிக்கு வீடு தேடினாலோ, ஆண்டு முழுதும் இருப்பவனைவிடக் கோடையில் கிழமைக்கணக்கில் வந்து போகின்றவனால் உடைமையாளர்க்கு வருவாய் மிகுதி. ஆகவே அவன் கார்டிபுக்கோ மான்செசுத்தருக்கோ பெயர்கிறான். அவனுக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளும் அவனோடு பெயர்கின்றனர். எந்தச் சட்டமும் தடுக்காமலே அவ்வூரில் வேல்சு மொழி பேச ஆளற்றுப் போகிறது. 2011-இல் நாட்டு மக்களுள் 19 விழுக்காட்டினர் அம்மொழி பேசினர், 2021-இல் 17.8 விழுக்காட்டினரே. வீட்டை வாங்கியவர் அதன் வழிவழி வந்த வேல்சுப் பெயரைக் கழற்றியெறிந்து ஆங்கிலப் பெயர் மாட்டுவதும் உண்டு. இதனைச் சிறு செய்தியென்று கருதுவோர், மொழிகள் மாண்ட வரலாற்றை அறியாதவரே.

1965-இல் இலிவர்ப்பூல் நகர்க்கு நீர் கொடுக்கக் காப்பெல் கெலின் என்னும் வேல்சு மொழிச் சிற்றூர் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. அஃது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த கொடுமை. வீட்டு விலையால் நேரும் மூழ்கடிப்போ ஓசையின்றி நடக்கிறது. 1979 திசம்பர் முதல் பத்தாண்டுக்கு மேலாக, கிளிந்தூரின் மைந்தர் என்னும் மறைவியக்கத்தார் இருநூறு வரையிலான கோடை வீடுகளுக்குத் தீயிட்டனர். அச்சினத்தின் கரணியம் நமக்குப் புரிகிறது. ஆயினும், எரிந்த வீட்டில் எந்த வேல்சுக் குடும்பமும் குடியேற முடியாதே! 1962-இல் தோன்றிய வேல்சு மொழிக் கழகமோ, வேல்சு விற்பனைக்கன்று என்று முழங்கி அறவழியில் போராடி வருகிறது.

அதன் பயனாகவே அரசும் அசைந்தது. இரண்டாம் வீடுகளின் மேல் 300 விழுக்காடு வரை மிகைவரி சுமத்த 2023-இல் ஊராட்சிகளுக்கு உரிமை வழங்கப்பட்டது. குவினெத்து ஆட்சிமன்றம் 150 விழுக்காடு சுமத்தியது. அதற்குமுன், ஆண்டில் 70 நாள் வாடிக்கையாளர்க்கு விட்டதாகக் காட்டித் தம் வீட்டை வணிக நிலையமாகப் பதிந்து மிகைவரியிலிருந்து தப்பியவர் பலர். அவ்வெல்லையும் 182 நாளாக உயர்த்தப்பட்டது. குடியிருப்பு வீட்டை விடுமுறை வீடாக்க இசைவு பெறவேண்டும் என்று 2024 செபுதம்பரில் அம்மன்றம் ஆணை கொணர்ந்தபோது, எதிர்ப்பாளர் அதனை முறைமன்றத்துக்கு இழுத்தனர்.

எதிர்த்தவருள் வேல்சு மக்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தம் வீட்டின் விலை வீழும் என்பது அவர்தம் அச்சம். வெளியார்க்கு விற்றவனும் பெரும்பாலும் அம்மண்ணின் மைந்தனே. விற்பவன் கை நீளாமல் வாங்குபவன் கை நிறைவதில்லை.

அதே இலீன் நிலமுனையில், கற்சுரங்கம் மூடப்பட்டதால் குடிகள் நீங்கிப் பாழ்பட்டுக் கிடந்தது நாந்து குர்த்தெயிர்ன் என்னும் சிற்றூர். அதனை 1978-இல் ஓர் அறக்கட்டளை விலைக்கு வாங்கியது. இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கட்டினர். அவற்றில் தங்கி வேல்சு மொழி கற்றுச் செல்வோர் ஆண்டுதோறும் வருகின்றனர்.