ஆறுவதற்குள் உட்காருங்கள்

மலாக்கா நகரில் நடந்த ஒரு நூல் உரையாடலின் தேநீர் இடைவேளையில் தொடங்கியது இது. அண்மையில் திருமணமான தங்கை ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை தானும் கணவரும் வீட்டிலேயே லாவா கேக் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டே ரெண்டு கிண்ணம். கரண்டியால் உடைத்ததும் உள்ளேயிருந்து சாக்லெட் உருகி வழிந்ததாம். அவள் கைப்பேசியில் படத்தைத் தேடி எடுப்பதற்குள் மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கு ரெண்டு கேக்கா? நம்ம அம்மாமாருங்க லயத்துல பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டாங்க. மிச்சம் இருந்தா தின்னாங்க, இல்லாட்டி தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தாங்க. அதுல இருந்துதான் நம்ம இலக்கியம் வந்துச்சு. இந்த லாவாவுல இருந்து என்ன வரப்போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. பெரியவர் கெட்டவர் இல்லை. தோட்டத்தை எழுதியவர், தோட்டத்தில் பிறந்தவர். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பேச்சில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, இது நம்ம பண்டமில்லை. இன்னொன்று, ரெண்டு பேருக்கு மட்டும் சமைப்பது சுயநலம். முதலாவது அறியாமை. இரண்டாவது, அன்பு என்ற பெயரில் நாம் நெடுநாள் கட்டிக்காத்த ஓர் அநியாயம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அந்தக் கேக் பிறந்தது நம் ஊரில் இல்லை, உண்மைதான். 1981இல் பிரான்சின் லாகியோல் என்ற சிற்றூரில் மிஷெல் பிரா என்ற சமையல்காரர், உறையவைத்த சாக்லெட் கலவையை மாவின் நடுவே வைத்துச் சுட்டார். மாவு வேகும்போது உள்ளே இருந்தது உருகியது. 1987இல் நியூயார்க்கில் ஜான்-ஜார்ஜ் வோங்கெரிக்டன் நடுப்பகுதி வேகுமுன்பே கேக்கை வெளியே எடுத்துப் பரிமாறிப் பேர் வாங்கினார். இன்று மலாக்காவில் ஆற்றோரக் காப்பிக்கடையிலும் கிடைக்கிறது.

ஆனால் உள்ளே உருகுகிற பொருள் எந்த ஊருக்கு அந்நியம்? மலேசியாவில் கோக்கோ பயிரானதற்கான முதல் பதிவு 1778ஆம் ஆண்டுக்குரியது. இடம், இதே மலாக்கா. டச்சுக்காரர்கள் ஆண்ட காலம். பொற்கொல்லர் தெருவில் மலாக்கா செட்டிகள் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டியது 1781இல். டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டது 1896இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தப் பால்மரத்தை நம் அடையாளம் என்று நெஞ்சில் வைத்திருக்கிறோமோ, அது இந்த மண்ணில் வணிகப் பயிராவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே கோக்கோ வந்துவிட்டது.

பிறகு நம் கைகளும் அதைத் தொட்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அம்மா கோக்கோ உடைத்தார். பறித்துக் குவித்த காய்களைக் கட்டையால் அடித்துப் பிளந்து, வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகளை விரலால் வழித்து எடுக்க வேண்டும். சாயங்காலம் விரலிடுக்கெல்லாம் பிசுபிசுக்கும். அந்தக் கொட்டைகளை மரப்பெட்டியில் கொட்டி மூடி, இடையிடையே புரட்டிவிட்டு, ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். பெட்டிக்குள் சூடு ஏறும், காடி வாடை அடிக்கும். பிறகு வெயிலில் உலர்த்துவார்கள். புளிக்காத கொட்டையில் சாக்லெட் மணம் வராது. அந்த மணத்துக்கான முதல் வேலை தோட்டத்துக் கொட்டகையில்தான் நடந்தது, எந்த ஐரோப்பியச் சமையலறையிலும் இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்த கோக்கோ ருசி அந்த வெள்ளைச் சதையின் புளிப்பு இனிப்புதான். "கொட்டையைக் கடிச்சா கசக்கும், துப்பிருவோம்" என்பார். சாக்லெட் என்பது எங்கள் லயத்துக்கு மைலோ டின்னாக வந்தது. அதுவும் பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு.

பிறகு பூச்சி வந்தது. காயைத் துளைத்து உள்ளே போகும் கோக்கோப் புழு 1980இல் சபாவில் தலைகாட்டியது. தீபகற்பத்தில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், மறுபடியும் நம் மலாக்காவில்தான். புழு விழுந்த காயில் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், வழித்தாலும் வராது. 1990இல் நாட்டின் கோக்கோ விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன். இன்று ஆயிரம் டன்னுக்கும் கீழே. பூச்சி, விலை வீழ்ச்சி, ஆள் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்து கோக்கோ நின்ற இடத்தில் செம்பனையைக் கொண்டுவந்தன. செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நாம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தோம்.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. கேக் சாமான் கடைக்குப் போய் விலை குறைந்த சமையல் சாக்லெட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் கோக்கோ வெண்ணெய் இருக்காது, அதற்குப் பதிலாகச் செம்பனைக் கொட்டைக் கொழுப்பு இருக்கும். தோட்டத்தில் கோக்கோவைப் பிடுங்கிவிட்டு நட்ட மரம், பொட்டலத்துக்குள்ளும் அதையே செய்திருக்கிறது. கோக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகும். நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். கலப்புக் கொழுப்பு பல நேரம் வாயில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஆக, அந்தத் தங்கை வாங்கிய நல்ல சாக்லெட் கட்டி அந்நியப் பண்டமில்லை. அவள் பாட்டி கூலிக்கு உடைத்துக் கொடுத்துவிட்டு ருசிக்காமல் விட்டது. ரெண்டு தலைமுறை கழித்து அது வீட்டுக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்து "நம்மது இல்லை" என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா? நமக்குக் கருவாடும் சம்பலும் மட்டும்தான் எழுதியிருக்கிறது என்று துரை சொன்னால் கோபம் வரும். எழுத்தாளர் சொன்னால் கைதட்டுவோமா?

இப்போது இரண்டாவதுக்கு வருகிறேன். பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்ட அம்மா.

என் அம்மாவும் அப்படித்தான். பெரட்டுக்கு முன்பே எழுந்து சோறு வடித்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு. அப்பா சாப்பிட்டார், நாங்கள் சாப்பிட்டோம், விருந்தாளி யாராவது இருந்தால் அவரும் சாப்பிட்டார். அம்மா கடைசி. சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்து, ஆறிப்போன குழம்பை ஊற்றி, அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து. நாங்கள் அதை ஒரு தடவைகூடத் தட்டிக்கேட்டதில்லை. வளர்ந்த பிறகு அதைப் பற்றிக் கதை எழுதினோம். "அம்மாவுக்கு எப்போதும் பசிக்காது" என்ற மாதிரி வரிகளை எழுதி, படித்தவர்களைக் கண்கலங்க வைத்து, பரிசும் வாங்கினோம். முதலில் சோற்றைத் தின்றோம், பிறகு அவர் பசியையும் கதையாக்கித் தின்றோம்.

கடைசியில் சாப்பிடுவது அன்பின் அடையாளம் என்றால் வீட்டு ஆண்கள் ஏன் ஒருநாள்கூட அந்த அன்பைக் காட்டவில்லை? அது ஒரு வரிசை. வரிசையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் அது. அதைத் தியாகம் என்று எழுதியவர்கள் வரிசையின் முன்னால் நின்றவர்கள்.

இந்த இடத்தில்தான் லாவா கேக் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது காத்திருக்காது. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே சூடு பரவிக்கொண்டே இருக்கும், வேகும். ஒரு நிமிஷம் விட்டுத் தட்டில் கவிழ்க்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிஷத்துக்குள் தின்ன வேண்டும். அதைத் தாண்டினால் நடுப்பகுதி இறுகி, சாதாரணக் கேக்காகிவிடும். மற்றவர்கள் தின்று முடிக்கும்வரை சமைத்தவர் நின்றால் அவர் பங்கு செத்துப்போகும். நம் சமையலறைகளில் நான் பார்த்த பண்டங்களில், சமைத்தவரையும் அதே நேரத்தில் உட்காரச் சொல்வது இது ஒன்றுதான்.

செய்முறையும் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. கறுப்புச் சாக்லெட் 60 கிராம், வெண்ணெய் 50 கிராம். கொதிக்கும் நீர்மேல் கிண்ணம் வைத்து உருக்குங்கள். ஒரு முழு முட்டை, இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு, சீனி 25 கிராம் மூன்றையும் வெளுக்க அடித்து அதில் சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவு, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் தடவிக் கோக்கோத் தூள் தூவிய ரெண்டு சிறு கிண்ணங்களில் ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய அடுப்பில் 220 பாகையில் 9 முதல் 10 நிமிஷம். ஓரம் இறுகியிருக்க வேண்டும், நடுவில் தொட்டால் தளும்ப வேண்டும். அடுப்பு இல்லையென்றால் இட்லிச் சட்டியில் எவர்சில்வர் கிண்ணம் வைத்து அவிக்கலாம். மூடியில் துணி கட்டுங்கள், நீர் சொட்டக்கூடாது. உங்கள் அடுப்பின் நேரம் முதல் தடவை தவறும், இரண்டாம் தடவை பிடிபடும். அளவு சரியாக ரெண்டு பேருக்கு. எடுத்து வைக்க மூன்றாவது கிண்ணம் இல்லை, வழித்துத் தின்ன அடிச்சட்டியும் இல்லை.

"நம்ம கொழுக்கட்டை இல்லையா, ஒண்டே-ஒண்டே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடித்ததும் மலாக்காச் சீனி வாயில் வெடிக்கும் ஒண்டே-ஒண்டே இந்த ஊரின் லாவாதான், பிரான்ஸ்காரரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நான் அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அதை ஐம்பது உருட்டித் தட்டில் அடுக்கி எல்லாருக்கும் நீட்டிய பிறகு, உருட்டியவர் கைக்கு எத்தனை மிஞ்சுகிறது என்று அடுத்த தடவை எண்ணிப் பாருங்கள். கூட்டத்துக்குச் சமைப்பதை நான் எதிர்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவரை மட்டும் எப்போதும் கடைசியில் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

இளைஞர்களையும் சும்மா விடப்போவதில்லை. மனைவி செய்ய, கணவன் பத்துக் கோணத்தில் படம் எடுக்க, அதற்குள் ரெண்டும் இறுகிப்போக, பிறகு பிசுக்குப் பிடித்த கிண்ணங்களை அவளே கழுவினால், அது பழைய லயத்து அடுப்படிதான். சட்டி மட்டும் சின்னதாகியிருக்கிறது. ஒருவர் முட்டை அடித்தால் மற்றவர் கிண்ணம் கழுவட்டும். படம் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

ரெண்டு பேர் என்றால் புருஷன் பெண்டாட்டிதான் என்றும் இல்லை. அந்தச் சந்திப்புக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, மனைவி வேலைக்குப் போயிருந்தபோது, நானும் அம்மாவும் மட்டும் வீட்டில். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அரைவேக்காட்டு முட்டை கொடுக்கத் தயக்கம். அதனால் பிரா வழிக்குப் போனேன். சாக்லெட்டையும் கிரீமையும் உருக்கி ரெண்டு உருண்டையாக உறையவைத்து, மாவின் நடுவே புதைத்து, மாவு முழுதும் வேகவிட்டேன். தட்டில் கவிழ்த்ததும் அம்மா எழுந்துகொண்டார்.

"நீ சாப்புடு. மருமவளுக்கு எடுத்து வெச்சியா?"

"அவளுக்கு ராத்திரி வேற செய்யறேன்மா. இது ஆறிடும். உக்காருங்க."

"ஆறுனா என்ன, நான் ஆறுனதையே தின்னு பழகினவ."

"அதுக்குத்தான் சொல்றேன், உக்காருங்கம்மா."

உட்கார்ந்தார். நாற்காலி நுனியில், பாதி எழுந்த மாதிரியே. கரண்டி பட்டதும் வழிந்ததைப் பார்த்து, "வேகலையேடா" என்றார். ரெண்டு வாய் தின்ற பிறகு, "சூடா இருக்கு" என்றார். அவ்வளவுதான். முழுதும் தின்றார்.

பெரியவரே, லாவாவிலிருந்து என்ன வரப்போகிறது என்று கேட்டீர்கள். கோக்கோ உடைத்தவள் உட்கார்ந்து சூடாகத் தின்கிற ஒரு காட்சி வரும். என் வீட்டில் அது நடக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நம் தோட்டக் கதைகளில் நான் அதை இன்னும் படிக்கவில்லை. அடுத்த சந்திப்பில் அந்தத் தங்கையைப் பார்த்தால் கைப்பேசிப் படத்தைக் காட்டச் சொல்வேன். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.