கொற்கையைக் கடல் விழுங்கவில்லை!

குமரிக்கண்டம் என்னும் பழைய சரக்கு மறுபடியும் சந்தைக்கு வந்திருக்கிறது. தூத்துக்குடிக் கடலுக்கடியில் பாறைகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றனவாம். அவை பாண்டியன் கோட்டை மதில்களாம். எழுநூறு காவத நிலம் அப்படியே மூழ்கிற்றாம்! பலத்த கைதட்டல். கைதட்டுகிறவர்களில் நமது உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பாறையைப் பார்ப்போம். இந்தக் கரையில் முத்துக் குளித்தவர்கள் அதற்குப் 'பார்' என்று பெயர் வைத்தார்கள். முத்துச் சிப்பி தன் நாரால் பற்றிக்கொண்டு வளர்வது அதன்மேல்தான். கல்லைக் காலுக்குக் கட்டி, மூச்சை அடக்கி, பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கிய மனிதன் அந்தப் பாரைக் கையால் தடவித் தடவிச் சிப்பி பறித்தான். தலைமுறை தலைமுறையாகப் பறித்தான். அங்கே கோட்டை மதில் இருந்திருந்தால் அவனுக்குத் தெரியாமல் மேடைப் பிரசங்கிக்கா தெரிந்திருக்கும்?

எழுநூறு காவதக் கணக்கு சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தருவது. 'லெமூரியா' என்ற பெயரோ 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் சூட்டியது. மடகாஸ்கரில் உள்ள லெமூர் இனமும் இந்தியாவில் உள்ள அதன் உறவினங்களும் எப்படிப் பிரிந்தன என்பதற்கு அவர் செய்த யூகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று நிரூபணமானபின் விஞ்ஞானிகள் அந்த யூகத்தைக் கைவிட்டுவிட்டார்கள். நம்மவர்கள் மட்டும் விடுவதாயில்லை.

கடல் ஏறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகத் தொடங்கிய பிறகு, கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது; கரையோர நிலம் மூழ்கியது. ஆனால் குமரிமுனைக்குத் தெற்கே போகப் போக ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம்! அங்கே எந்த நகரத்தைத் தேடுவது?

காணாமற்போன நகரம் வேண்டுமா? கொற்கைக்கு வாருங்கள். வயற்காட்டில் நிற்கிறது. கடல் அதை விழுங்கவில்லை ஐயா, விட்டுவிட்டுப் போய்விட்டது! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை விலகி, இன்று கடல் சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுகம் காயலுக்குப் போயிற்று. பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. 1968-69இல் தோண்டியபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். மறுபடி மண்வெட்டி இறங்கியது 2021இல்! இடைப்பட்ட அரை நூற்றாண்டில் கடலடிக் கோட்டைக்கு எத்தனை கூட்டங்கள், எத்தனை மாலைகள்!

இன்னொன்றும் உண்டு, அதைப் பிரசங்கிகள் சொல்லமாட்டார்கள். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கை முத்துக் குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. அரசன் மார்பில் ஆடிய முத்து அப்படி வந்தது. பிற்பாடு ஆங்கிலேயன் ஆட்சியில், பறித்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு. கண்டத்துக்குக் கண்ணீர் வடிப்பவர்கள் இவனுக்காக ஒரு சொட்டு வடித்ததுண்டா?

நம் கண்முன்னே கடல் கொண்ட நிலமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் வெட்டி வெட்டி எடுத்ததை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு 2001இல்தான் வந்தது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் தேய்ந்து தேய்ந்து சிறுத்துப்போனது. அதைக் காக்க 2015இல் செயற்கைப் பவளத் திட்டுகளைக் கடலில் இறக்கத் தொடங்கினார்கள். இந்தக் கடல்கோளுக்கு இரங்கற்பா பாட ஒரு புலவரும் வரவில்லை. பாடினால், பாறையை விற்றுப் பணம் பண்ணியவர் யார் என்ற கேள்வி வருமல்லவா?

கடலடி ஆராய்ச்சி நடக்கட்டும்; வரவேற்கிறோம். முடிவு கையிலிருப்பதுபோல் முழங்குவதைத்தான் எதிர்க்கிறோம். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இதே தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பானைகளும் இரும்புக் கருவிகளும் மண்டையோடுகளும் பெர்லினுக்குப் போயின. மூழ்காத நிலத்தின் சொத்து அது. கப்பலேறிப் போன அந்தப் பானைகளைத் திருப்பிக் கேட்டு, அடுத்த மாநாட்டில் இவர்கள் ஒரு தீர்மானம் போடட்டுமே!