மூடி வைக்கவும் துணிவு வேண்டும்



கோடை விடுமுறை வந்துவிட்டது. தீம் பார்க்குக்கு எப்போது போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவசியம் கூட்டிப் போங்கள். அதற்கு முன், அந்தச் சந்தோஷத்தை நமக்காக இயக்கித் தருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். அவர்களுடைய பாட்டை விளக்க, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் சீடர் பாயிண்ட் பூங்காவை எடுத்துக்கொள்கிறேன்.

1870இல், ஏரியில் குளிக்க வருகிறவர்களுக்கான இடமாகத் தொடங்கியது அது. இன்று 310 அடி உயர மில்லேனியம் ஃபோர்ஸ் போன்ற ரோலர் கோஸ்டர்களுக்காக உலகமே அறிந்த பூங்கா. ஆனால் அங்கே குளிர் கடுமை. மே மாதம் திறந்தால் இலையுதிர் காலத்தோடு சீசன் முடிந்துவிடும். நிரந்தர ஊழியர்கள் குளிர்காலம் முழுவதும் வண்டிகளைப் பிரித்துப் போட்டு, சக்கரம் சக்கரமாகச் சோதித்து மறுபடி பூட்டுவார்கள். ஆண்டு முழுக்கச் செலவு உண்டு. வருமானமோ அந்தச் சில மாதங்களில்தான்.

அந்தச் சில மாதங்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானவர்களைப் புதிதாகச் சேர்த்துப் பழக்க வேண்டும். பெரும்பாலும் மாணவர்கள். வெளிநாட்டிலிருந்து ஜே-1 விசாவில் வரும் கல்லூரி மாணவர்களும் உண்டு. அவர்களுக்கு அதிகபட்சம் 4 மாதம்தான் அனுமதி. தங்கும் விடுதியையும் பூங்காவே நடத்துகிறது. வேலை கைக்குப் பழகி வரும் ஆகஸ்டில் கல்லூரிகள் திறந்துவிடும்; கையில் இருந்த ஆட்களில் பலர் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். இந்த நெருக்கடி எவ்வளவு பெரியது என்பதற்கு வர்ஜீனியா மாநிலமே சாட்சி. செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முன் பள்ளிகளைத் திறக்கக் கூடாது என்று 1986இல் அங்கே சட்டம் போட்டார்கள். சுற்றுலாத் தொழிலின் நலனுக்காக வந்த அதை, அங்குள்ள பூங்காவின் பெயரால் கிங்ஸ் டொமினியன் சட்டம் என்றே மக்கள் அழைத்தார்கள். 2019இல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்? ரோலர் கோஸ்டர் பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்குத்தான் இடம். நிலையத்தில் நிற்கும் ரயில் கிளம்பத் தாமதமானால் பின்னால் வருவது காத்து நிற்க வேண்டியதுதான். அது கிளம்புவதற்கு முன் ஒவ்வோர் இருக்கையிலும் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, மடிக்கு மேல் இறங்கும் கம்பியை அழுத்திப் பார்த்து, சரி என்று கை காட்ட ஆட்கள் வேண்டும். அந்தக் கைகள் போதாவிட்டால் ரயில்களைக் குறைப்பார்கள். வெயிலில் நிற்கும் வரிசை நீளும். அவசரப்பட்டு அந்தச் சோதனையை மட்டும் குறைத்துவிடக் கூடாது.

2021இல் இந்த ஆள் பற்றாக்குறை உச்சத்துக்குப் போனது. கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு நிறுத்தி வைத்திருந்த விசாக்களில் இந்த மாணவர் விசாவும் ஒன்று; 2021 மார்ச் இறுதியில்தான் தடை விலகியது. உள்ளூரிலும் ஆள் கிடைக்கவில்லை. சீடர் பாயிண்ட் இரண்டு முடிவுகள் எடுத்தது. ஜூன் மாதத்தில் சில செவ்வாய், புதன்கிழமைகளில் பூங்காவை மூடியது. சீசன் ஊழியர்களின் சம்பளத்தை மணிக்கு 20 டாலராக உயர்த்தியது. ஆண்டுக்கு 7 மாதத்துக்கு மேல் இயங்காத கேளிக்கைப் பூங்காக்களுக்குக் குறைந்தபட்சக் கூலியிலிருந்து விலக்குத் தரும் நாடு அது. அங்கே ஒரு பூங்கா தானாகவே அந்தத் தொகையைத் தந்தது. மதிப்பான கூலி கொடுத்தால் ஆட்கள் வருவார்கள் என்பதை ஒப்புக்கொள்ள ஓர் ஆள் பஞ்சம் தேவைப்பட்டது என்பதுதான் வருத்தம்.

அதே ஆண்டு ஆகஸ்டில், அங்கிருந்த 420 அடி உயர டாப் த்ரில் டிராக்ஸ்டர் ரயிலிலிருந்து ஒரு உலோகத் துண்டு கழன்று பறந்து, வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் படுகாயப்படுத்தியது. அந்தக் கோஸ்டரை நிறுத்தினார்கள். பெரும் செலவில் மாற்றியமைத்து 2024 மே மாதம் திறந்தார்கள். சில நாட்களிலேயே வண்டிகளில் கோளாறு தெரிந்ததும் அந்த சீசன் முழுக்க மூடியே வைத்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அதுதான் சரியான முடிவு.

ஒரு பூங்காவின் நேர்மையை அதன் உயரமான சவாரி காட்டாது; ஆள் இல்லாதபோது, நம்பிக்கை இல்லாதபோது அது எதை மூடுகிறது என்பதே காட்டும். வருமானம் கொட்டும் நாளில் கதவைச் சாத்தத் துணிகிற நிர்வாகத்தை நம்பி நம் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைக்கலாம்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்த விடுமுறையில் நீங்கள் போகும் இடத்தில் ஏதாவது ஒரு ராட்டினம் நின்றிருந்தால் கோபப்படாதீர்கள். உயரம் போதாது என்று உங்கள் பிள்ளையை ஏற்ற மறுக்கும் இளைஞரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் காப்பது உங்கள் பிள்ளையைத்தான். இரண்டாவது தடவை பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறாரா? பொறுமையாக உட்கார்ந்திருங்கள். இறங்கும்போது ஒரு நன்றி சொல்லுங்கள், பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்